பாதி அளவு மருந்து

அன்புள்ள அம்மாவுக்கு, ஒசாகாவிலிருந்து சிஹாரு வணங்கி எழுதுகிறேன். முழங்கால் வலி குறைந்ததா?

புற்றுநோயோடு சண்டைபோடும் உயிரணுக்களை நம் உடம்பிலேயே வேறு உயிரணுக்கள் அடக்கிவைக்கின்றன. அப்படி அடக்குகிறவற்றை அடக்குவதுதான் என் வேலை. மருந்து அளவு மிஞ்சி இரண்டு முறை எலிகள் செத்துப்போயின.

"போதும் சிஹாரு, மூட்டை கட்டும்மா," என்றார் எங்கள் ஆய்வகத் தலைவர் பேராசிரியர் குரோதா.

"பாதி அளவு குடுத்துப் பாக்காம விடமாட்டேன் சார்," என்றேன். பயப்படாதே, வேலை போகவில்லை. அவர் நாலு நாள் என்னோடு பேசவில்லை, அவ்வளவுதான்.

பாதி அளவு கொடுத்த எட்டு எலிகளில் ஐந்துக்கு இன்று கட்டி சுருங்கியிருக்கிறது. கூண்டருகே வெகுநேரம் நின்று பார்த்த பேராசிரியர், "இன்னும் இருபது எலி வாங்கிக்கோ," என்றார்.

ஊருக்குத் திரும்பச் சொல்லாதே, வரமாட்டேன். புகைபோட்ட முள்ளங்கி ஊறுகாய் மட்டும் அனுப்பு. கொஞ்சம் போதும், ஒருத்திக்குத்தானே.

எலிகளுக்கு ஊசி போடும் நேரமாகிவிட்டது.

சிஹாரு