குழாய் அகலத்துக்கு எடுத்த வால்வு

தாவோங்காவின் அம்மாவுக்கு,

முழங்கால் வலி குறைந்ததா? ஜோகன்னஸ்பர்க்கில் நான் நலம். இங்கே ஒரு சின்னக் கூத்து. ஆஸ்பத்திரியில் ஏசிக்குக் குளிர்நீர் விடும் குழாய்க்கு வால்வு தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். உன் புருஷன் மேதாவியாச்சே! எவ்வளவு தண்ணீர் வேண்டும் என்று கணக்குப் போடாமல், குழாயின் அகலத்துக்கே எடுத்துவிட்டேன். அது தேவைக்கு மேல் பெரியது; கொஞ்சம் திறந்தாலே வார்டு ஐஸ்பெட்டி, மூடினால் அடுப்பு. ஓயாமல் திறந்து மூடியதில் அதைத் திருப்பும் மோட்டாரே எரிந்துபோனது.

"என்னண்ணே, தலைக்குத் தொப்பி எடுக்கிற மாதிரி எடுத்தீங்களா?" என்று கூட வேலை செய்யும் தபாங் சிரித்தான். முதலாளி சிரிக்கவில்லை. "மாசக் கடைசியோட கிளம்புய்யா" என்றார். வேறு இடங்களில் வேலை கேட்டேன். எனக்கு முன்பே என் பெருமை அங்கே போயிருந்தது.

உசிப்பா கருவாடு கொடுத்தனுப்பு என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். வேண்டாம், மாசக் கடைசியில் ஊருக்கு வந்தே தின்கிறேன். நம் ஊர் பஸ் கிளம்புகிறது, டிரைவர் கடிதத்துக்குக் கை நீட்டுகிறார். பிள்ளைகள் கேட்டால் லீவு என்று சொல். வந்ததும் என்னிடமும் அப்படியே சொல்.

உன் மேதாவி,
வொங்கானி