என் வரியைத் திருத்திய கை

அன்பு மகள் வாலுவுக்கு,

அப்பா எழுதுவது. யாரிடமும் சொல்லி எழுதவைக்கவில்லை, என் கையெழுத்தேதான். முட்டி வலி பழையபடி இருக்கிறது. நீயும் மாப்பிள்ளையும் நலமா? ஒரு நாளைக்குப் பத்து வரிதான் ஓடுகிறது. திங்கட்கிழமை தொடங்குகிறேன், எப்போது முடிப்பேனோ.

நூலக மாடியில் நடக்கும் எங்கள் முதியோர் வகுப்பில் இப்போது கம்ப்யூட்டரில் எழுதுகிறோம். அதில் இரண்டு விதம். பிளாக் என்றால் என் பக்கம் எனக்கு. மற்றவர்கள் அடியில் கருத்துதான் போடலாம். விக்கி என்றால் எல்லாருக்கும் ஒரே பக்கம். ஒருவர் எழுதியதை இன்னொருவர் மாற்றலாம். வீட்டு ஆட்களுக்கும் அனுமதி உண்டு, உனக்கும் டீச்சர் அனுப்பினாரே. அடுத்த வகுப்புக்கு எதை வைக்கலாம் என்று கேட்டிருக்கிறார். நான் பிளாக் பக்கம். பொதுச் சுவரில் எழுதிவிட்டு எவன் நிம்மதியாகத் தூங்குவான்?

நான் பயந்தபடியே ஆயிற்று. விக்கியில் ‘எங்கள் பிள்ளைகள்’ பக்கத்தில் உன்னைப் பற்றி எழுதினேன். நீ ஏழாவது படித்தபோது ரிப்போர்ட் அட்டையில் தலைமையாசிரியர் ‘இந்தப் பெண் பள்ளிக்கே பெருமை’ என்று எழுதியது, நீ அதை வாசித்துக் காட்டியது, நான் சலவைக்கூடத்திலிருந்து வந்த ஈரக் கையைத் துடைத்துவிட்டுக் கைநாட்டு வைத்தது, எல்லாம். எழுதி முடிக்க இரண்டு வகுப்பு பிடித்தது எனக்கு. மறுநாள் பார்த்தால் பெருமையைக் காணோம். அந்த இடத்தில் ‘இந்தப் பெண் ஒரு மாதமாக வகுப்புக்கு வரவில்லை, தகப்பனார் உடனே வந்து பார்க்கவும்’ என்று இருக்கிறது. சனிக்கிழமை அந்தப் பக்கத்தை அச்சடித்து எல்லா வீட்டுக்கும் கொடுக்கப் போகிறார்கள்.

பக்கத்து நாற்காலி வாட்ச்மேன்மேல்தான் எனக்குச் சந்தேகம். “உம் பொண்ணு பள்ளிக்கே பெருமைன்னா, நீ ஏன்யா இத்தனை வருஷம் கைநாட்டு?” என்று கேட்ட ஆள். இரண்டு நாள் அவரோடு பேச்சில்லை. துண்டால் திரையை மறைத்துக்கொண்டு தட்டினேன். புதன்கிழமை நேராகவே கேட்டுவிட்டேன். “எனக்கு ஒரு ‘ழ’ போடவே அரை மணி நேரம் ஆகுது. உன் வரியை அழிச்சிட்டு இவ்வளவு எழுத நான் எங்கேய்யா போவேன்?” என்றார். அதுவும் நியாயம்தான். ஆனாலும் துண்டை எடுக்கவில்லை.

இன்று வியாழன். விக்கியில் யார், எப்போது மாற்றினார்கள் என்று காட்டும் இடம் ஒன்று இருக்கிறதாம். டீச்சர் திறந்தார். நீங்கள் படிக்காதீர்கள், திருடன் பெயரை நானே படிக்கிறேன் என்றேன். வாட்ச்மேனும் பின்னால் வந்து நின்றார். விரலை வைத்து ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டினேன். இரண்டே எழுத்து. மூன்று தடவை படித்தேன்.

வாட்ச்மேன் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, “கண்ணாடி கொண்டு வரலை, எனக்கு ஒண்ணும் தெரியலை” என்றார். கண்ணாடி அவர் மூக்கில்தான் இருந்தது.

“பழைய வரியையே கொண்டு வந்துரட்டுமாங்க ஐயா? ஒரு தடவை அழுத்தினா போதும்” என்று டீச்சர் கேட்டார். வேண்டாம் என்றேன்.

அந்த வருஷம் அம்மா படுத்த படுக்கை. எனக்கு இரண்டு ஷிப்ட். நான் வீட்டுக்கு வரும்போது அடுப்பு வேலை முடிந்திருக்கும், அம்மாவுக்குத் துணி மாற்றியிருக்கும், மாத்திரை கொடுத்திருக்கும். யார் செய்தது என்று நான் கேட்டதே இல்லை. நீ வாசித்ததைக் கேட்டுவிட்டு அந்த அட்டையை ஊரெல்லாம் காட்டினேன். எழுதப் படிக்கத் தெரிந்த எத்தனை பேர் அதைப் பார்த்துவிட்டுப் பேசாமல் திருப்பிக் கொடுத்தார்களோ.

டீச்சரிடம் விக்கியையே வைக்கச் சொல்லிவிட்டேன். பிளாக்கில் நான் எதை எழுதினாலும் நீ அடியில் ‘அருமைப்பா’ என்றுதான் போட்டாய்.

இதை டீச்சர் போனில் படம் எடுத்து உனக்கு அனுப்புவார். சனிக்கிழமைக்கு இன்னும் ஒரு நாள் இருக்கிறது. உன் வரிக்குக் கீழே இடம் விட்டிருக்கிறேன். அந்த மாதம் வீட்டில் என்னென்ன செய்தாய் என்று நீயே எழுதும்மா. ஓர் எழுத்தைக்கூடத் தொடமாட்டேன். அச்சாகி வந்ததும் நானே படித்துக்கொள்கிறேன்.

நூறு வயசு நல்லா இரு.

உன் அப்பா