மாம்பழ நிறச் சேலைகள்

ஸ்டோவ்னர், ஒஸ்லோ

அன்புள்ள செண்பகம் அக்காவுக்கு,

நடந்ததைக் கூட்டாமல் குறைக்காமல் உண்மையாக எழுதப்போகிறேன். என் பெயர் வினோஜா, பத்தாம் வகுப்பு. உங்கள் அம்மா மேரியம்மா அன்ரி நலமாக இருக்கிறார். முதலில் அதைச் சொல்லிவிட வேண்டும்.

அவர் உங்களை மறக்கவில்லை. வீட்டு வேலைக்கென்று அவரை இங்கே அழைத்துவந்த சத்தியபாமா அன்ரி, கடவுச்சீட்டையும் போனையும் பூட்டிவைத்தார். சம்பளம் கொடுக்கவில்லை. வெளியே போனால் பொலிஸ் சிறையில் போடும் என்று பயமுறுத்தினார். அந்த வீட்டுக் குழந்தையைத் தமிழ்ப் பள்ளிக்குக் கூட்டிவரும்போது மட்டும்தான் உங்கள் அம்மா வெளியே வருவார். அங்கே கோப்பை கழுவும் இடத்தில், என் அம்மா யோகராணியிடம் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார்.

அம்மா பள்ளிச் சமையற்குழுப் பெண்களிடம் மட்டும் கதைத்தார். ஒருவர் பெண்கள் காப்பகத்தில் இடம் கேட்டார். ஒருவர் பனிச்சப்பாத்து கொண்டுவந்தார். உங்கள் அம்மாவிடம் செருப்புத்தான் இருந்தது. எங்கள் ஆட்களிடம் இரகசியம் ஒருநாள்கூடத் தங்காது. இது தங்கியது.

ஆண்டு விழா வந்தது. சமையற்குழுவுக்கு ஒரே மாம்பழ நிறச் சேலை எடுப்பித்தவர் சத்தியபாமா அன்ரியேதான். "என்ர ஆளும் வடை சுடுவாள், அவளுக்கும் ஒண்டு குடுங்கோ. படத்திலை ஒருத்தி வேற நிறத்திலை நிண்டால் வடிவில்லை" என்றார். உங்கள் அம்மா, "வடை சுட இவ்வளவு அலங்காரமாங்க?" என்று கேட்க, என் அம்மா, "வடைக்கில்லை மேரி, இறுக்கிக் கட்டுங்கோ, நடக்கவேணும்" என்றார்.

மேடையில் நடனம் தொடங்கியதும் உங்கள் அம்மாவும் என் அம்மாவும் குப்பைப் பைகளோடு பின்கதவால் போனார்கள். சத்தியபாமா அன்ரி சமையலறை வாசலில் வந்து, "மேரி எங்கை?" என்றார். பெண்கள் திரும்பாமலே, "இஞ்சைதானே நிக்கிறா" என்றார்கள். பின்னாலிருந்து பார்த்தால் எல்லோரும் ஒரே நிறம். அவர் திருப்தியாகப் போய் முன்வரிசையில் உட்கார்ந்தார். அதற்குள் நம் அம்மாக்கள் ரயில் ஏறிவிட்டார்கள்.

அடிமைகளை இரகசியமாகத் தப்பவைத்தவர்களைப் பற்றி வகுப்பில் படித்திருக்கிறேன். அப்படிப்பட்டவர்கள் புத்தகத்தில்தான் இருப்பார்கள் என்று நினைத்தேன். சிலர் எங்கள் சமையலறையில் வடை சுடுகிறார்கள், அக்கா!

பொலிஸ் சிறையில் போடவில்லை. தேநீர் கொடுத்து நடந்ததைக் கேட்டார்கள், கடவுச்சீட்டையும் மீட்டுத் தந்தார்கள். அவர் இப்போது இருக்குமிடத்தை மட்டும் எழுதக்கூடாது.

உங்கள் அம்மா உங்கள் எண்ணை அழுத்திவிட்டு வைத்துவிடுகிறார். "புள்ள எங்கிட்டப் பேசலேன்னா என்னங்க செய்வேன்?" என்கிறார். என் அம்மாவின் எண்ணைக் கடித உறையின் பின்புறம் எழுதியிருக்கிறேன். ஒரு மிஸ் கோல் கொடுத்தால் போதும், என் அம்மாவே திருப்பி எடுப்பார். கோபமென்றால் திட்டியாவது கதையுங்கள், அக்கா.

நூலகத்திலிருந்துதான் இதை எழுதுகிறேன்; விளக்குகளை அணைக்கத் தொடங்கிவிட்டார்கள், முடிக்கிறேன்.

உங்கள் தங்கை,
வினோஜா