நூலகத்தின் ஏழாவது ஜன்னல்

அன்பு அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். அப்பாவின் இருமல் குறைந்துவிட்டது. அம்மாவின் புலம்பல்தான் குறையவில்லை. "வேலைக்குப் போய் அஞ்சு மாசமாச்சு. போன் பண்ணா சாப்பிட்டேன், தூங்கினேன், அவ்வளவுதான் பேச்சு" என்கிறாள். நானும் இதைப் போனில் சொல்லவில்லை. ஓவியம் என்று தொடங்கினாலே நீ பேச்சை மாற்றிவிடுவாய். கடிதத்தில் அது முடியாது பார்!

நம் நகர நூலகத்தைப் பழுதுபார்க்கிறார்கள். மாடியைச் சுற்றிச் சாரம் கட்டியிருக்கிறது. நேற்று மாலை புத்தகம் மாற்றப் போனபோது, முன்சுவரின் பழைய பூச்சைக் கொத்திக்கொண்டிருந்தார்கள். திடீரென்று கொத்தனார், "மேஸ்திரி, ஓடி வாங்க! சுவருக்குள்ள ஒரு ஜன்னல் இருக்கு!" என்று கத்தினார்.

ஆறாவது ஜன்னலுக்கு வலப்பக்கம், அக்கா. நீ வரைந்த அதே இடம்.

என் கையிலிருந்த புத்தகம் நழுவிக் கால்விரலில் விழுந்தது. வலித்ததா என்றுகூட நினைவில்லை. பூச்சு உதிர உதிர, செங்கல் வைத்து அடைத்த ஒரு வளைவு மெல்ல மெல்ல வெளியே வந்தது. நூலகர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். "முப்பது வருஷமா இதுக்குக் கீழதான் உட்கார்ந்திருக்கேன். எனக்கே தெரியாதே!" என்றார்.

ஓவியப் போட்டியில் நடுவர் நீ வரைந்த நூலகத்தைத் தள்ளிவைத்து, "ஜன்னலை எண்ணக்கூடத் தெரியாதா?" என்று கேட்டாரே, அது நினைவுக்கு வந்தது. சாயங்கால வெயில் சாய்வாக விழும்போது அங்கே லேசாக ஒரு நிழல் தெரிகிறது, தெரிந்ததைத்தான் வரைந்தேன் என்று எத்தனை முறை சொன்னாய்! வீட்டில்கூட யாரும் நம்பவில்லை. உனக்கு 'ஏழு ஜன்னல்காரி' என்று பட்டப்பெயர் வைத்தது நான். வந்த சொந்தக்காரர்களிடமெல்லாம் சொல்லிச் சிரித்ததும் நான். முதல் நாள் நீயும் சிரித்தாய். அடுத்த வாரம் தூரிகைகள் பரணுக்குப் போயின. ஓவியம் பழைய பேப்பர் கட்டுக்குள் போனது. நீ வெளியூர் வேலைக்குப் போனாய்.

ஓவியத்தை நான் அன்றே உருவி, என் அட்லஸுக்குள் வைத்துவிட்டேன். உன்னிடம் சொல்லத் தைரியம் வரவில்லை. நேற்று வீட்டுக்கு ஓடிப்போய் அதை எடுத்துவந்தேன். கொத்தனார் கையைக் கழுவி, வேட்டியில் துடைத்துக்கொண்ட பிறகுதான் தொட்டார்.

ஆறு ஜன்னல்களும் அடர்த்தியான நீலத்தில் இருக்கின்றன. ஏழாவதில் நிறத்தைவிடத் தண்ணீர்தான் அதிகம். நீ தயங்கித் தயங்கி வரைந்தாய் என்று நினைத்திருந்தேன். இல்லை, அங்கே தெரிந்ததே அவ்வளவுதான். அதைவிட ஒரு துளி கூடுதலும் இல்லை, குறைவும் இல்லை. மற்ற ஆறின் வளைவும் அரைவட்டம். உன் ஏழாவது மட்டும் உச்சியில் கொஞ்சம் கூராக முடிகிறது. அதையும் கேலி செய்தேனே! சுவரிலும் அது கூராகத்தான் இருக்கிறது, அக்கா. கொத்தனார் ஓவியத்தையும் சுவரையும் மாறி மாறிப் பார்த்து, "யாரும்மா இதை வரைஞ்சது? அவங்க கண்ணு சுவரைத் தாண்டிப் போகுமா?" என்று கேட்டார்.

இன்ஜினியர் அம்மா வந்து சுவரையும் உன் ஓவியத்தையும் பார்த்தார். செங்கல்லைப் பிரித்து ஜன்னலைத் திறக்கப்போகிறார்களாம். "போட்டோ எடுத்தாச்சு. ஆனா திறக்கறதுக்கு முன்னாடி இதை இப்படியே அவங்களே ஒருதரம் வரைஞ்சு கொடுப்பாங்களா?" என்று கேட்டார். இப்போது வரைவதில்லை என்றேன். ஏன் என்றார். அவரிடம் பதில் சொல்லவில்லை. உனக்குச் சொல்கிறேன்: என்னால்தான்.

உனக்காக அடுத்த மாதம் முதல் திங்கட்கிழமை வரை அந்தப் பக்கம் கை வைக்க மாட்டார்களாம். பரணிலிருந்து தூரிகைகளை இறக்கிக் கழுவி வைத்திருக்கிறேன். ஒன்றை மட்டும் பூச்சி அரித்திருக்கிறது. நீல வண்ணக்கட்டி வெடித்துப்போயிருக்கிறது. ஆனால் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பார்த்தேன், கரைகிறது.

மாலை ஐந்து மணிக்கு வெயில் இன்னும் அதே சாய்வில்தான் விழுகிறது. வந்துவிடு.

இனி உன்னை அக்கா என்று மட்டுமே கூப்பிடப்போகும்,
உன் தங்கை