புறாவை அழுத்திய பாவம்

காக்ஸ் டவுன், பெங்களூரு

அன்பு மகன் டெஸ்மண்டுக்கு,

ஆண்டவர் புண்ணியத்தில் நானும் அப்பாவும் சுகம், டொரான்டோ குளிரில் நீயும் டீனாவும் காதை மூடிக்கொண்டு சுகமாக இருக்க வேண்டும். அப்பாவுக்கு மறுபடியும் முட்டிவலி, மருந்து தடவச் சொன்னால் எரிந்து விழுகிறார். அது கிடக்கட்டும். டிரேவரை மன்னித்துவிடும்மா என்று போன வாரம் சொன்னாயே, மன்னிக்கவில்லை, கணக்கைத் தீர்த்துக்கொண்டேன்.

நம் கோயில் பாடகர் குழுவுக்கு அவன் செய்த ஆப்பில், கிறிஸ்துமஸ் பாட்டுக்கு வருகிறவர்கள் அழுத்த ஒரு படம், விலகுகிறவர்களுக்கு ஒரு படம். கண் தெரிகிறவர்களுக்கு ஒன்று பச்சை, ஒன்று சிவப்பு. எனக்கு? பட்டனுக்குள் பெயர் எழுதி வைத்தால் என் போன் அதைப் படித்துச் சொல்லும், இந்தச் சோம்பேறி எழுதவில்லை. போன் தானாகப் படத்தைப் பார்த்து ஊகித்து விளக்கு என்றது, புறா என்றது. விளக்கு டார்ச்சாக இருக்கும், புறா பரிசுத்த ஆவியாயிற்றே என்று புறாவை அழுத்தினேன். அவன் கணக்கில் புறா என்றால் பறந்து போவதாம். என் பெயர் போயிற்று, நீ பிறக்கும் முன்பிருந்து நான் பாடிய தனிப்பாட்டு அவன் மனைவி சிந்தியாவுக்குப் போயிற்று. கேட்டால் எல்லார் முன்னாலும், "ஒரு தடவ போன பேரு திரும்ப ஏறாது ஆன்ட்டி, அடுத்த வருஷம் யாரையாவது பக்கத்துல வச்சுக்கிட்டு அழுத்துங்க" என்றான்.

சிந்தியா இன்னும் தன் போனில் அழுத்தவில்லை என்று தெரிந்ததும், ஞாயிறு பூசை முடிந்து ஃபாதர் முன்னால் அவனைப் பிடித்தேன். கண்ணைக் கட்டிக்கொண்டு மனைவிக்காக நீயே அழுத்து என்றேன், நான் செய்த ஆப்தானே என்று சிரித்தான். அவள் போனில் படித்துச் சொல்லும் குரலைப் போட்டு, அவள் துப்பட்டாவாலேயே கட்டினேன். பட்டன் என்றது குரல். விரலைத் தள்ளினான், மறுபடியும் பட்டன். வியர்த்துப்போய் ஒன்றை அழுத்தினான், சிந்தியா பெயர் போயிற்று. "ஒரு தடவ போன பேரு திரும்ப ஏறாது தம்பி" என்றேன். ஃபாதர் இரண்டு பெயரையும் திரும்ப ஏற்றச் சொன்னார், தனிப்பாட்டு எனக்கு. அன்றைக்கே பட்டனுக்கெல்லாம் பெயர் எழுதிவிட்டான். அப்பா அவனைப் பாவம் என்கிறார், எனக்கு அப்படி ஒன்றும் இல்லை. படத்தை ஊகித்துச் சொல்லும் வசதியை மட்டும் அந்தப் போனில் நான் போடவில்லை, வேண்டுமென்றேதான். எனக்குக் கிடைத்த புறாகூட அவனுக்குக் கிடைக்கக் கூடாது.

மாதா உங்கள் இருவரையும் காக்கட்டும், வேளைக்குச் சாப்பிடு. நீயும் அங்கே ஆப்தான் செய்கிறாய், பட்டனுக்கெல்லாம் பெயர் எழுதினாயா? ஈஸ்டருக்கு வருவாய் அல்லவா, சிந்தியாவின் துப்பட்டாவை நான் இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை.

ஆசீர்வாதத்துடன்,
உன் அம்மா ஃபாத்திமா