ஜெனோவாவிலிருந்து வராத போன்

மாடிவீட்டுக்காரர் காலையிலிருந்து கதவுக்கு வார்னிஷ் அடித்துக்கொண்டிருக்கிறார். அந்த வாடை ஜன்னல் வழியாக வந்ததும் எனக்கு உன் ஜெனோவா ஞாபகம் வந்தது. கூடவே வயிறும் எரிய ஆரம்பித்துவிட்டது. செத்துப் போய்ச் சேர்ந்த புருஷன் மேல் பொறாமைப்படுகிறவள் இந்தத் திருவொற்றியூரில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

நீ கப்பலில் சமையல்காரனாக இருந்தாய். கரையில் இறங்கினால் உன் கூட்டாளிகள் முதலில் டெலிபோன் பூத்தைத்தான் தேடுவார்கள். நம் தெருமுனைக் கடைக்குப் போன் வரும். அவர்கள் பெண்டாட்டிகள் ஒவ்வொருத்தியாகப் பேசிவிட்டு முகமெல்லாம் சிரிப்பாகத் திரும்புவார்கள். மற்ற துறைமுகங்களிலிருந்து நீயும் கூப்பிடுவாய். ஜெனோவா என்றால் மட்டும் கிடையாது. கடைக்காரர் என்னைப் பார்த்து உதட்டைப் பிதுக்குவார்.

நீ வீட்டுக்கு வந்ததும் சண்டைதான். "அந்த ஊர்ல எவளை வெச்சிகினு கீற?" என்று ஒருமுறை கேட்டேவிட்டேன்.

நீ சிரித்தாய். "மியூசியம் பாக்கப் போனேன்மே. மலை மேல வூடுங்க, சந்துக்கு சந்து மியூசியம். பாத்துகினே இருந்தேன், நேரம் போனதே தெர்ல."

நம்பிய பிறகு இன்னும் எரிந்தது. பொம்பளை என்றால் குடுமியைப் பிடித்து நாலு கேள்வி கேட்கலாம். ஒரு ஊரை என்ன செய்வது?

ஜெனோவா இருக்கிற நாட்டிலேயே இப்போது வேலை பார்க்கும் நம் மகள், போன மாதம் என்னை அந்த ஊருக்குக் கூட்டிப்போனாள். மலை ஏறுவதற்கு லிஃப்ட் வைத்திருக்கிறார்கள், அதை நீ சொல்லவே இல்லை. முதல் மியூசியத்தில் பெரிய பெரிய படங்கள். அடுத்ததில் பீங்கான். இதற்காகவா எனக்குப் போன் பண்ணவில்லை என்று முனகிக்கொண்டே நடந்தேன்.

மூன்றாவதில், வார்னிஷ் வாடை அடிக்கிற ஒரு அறையில், மரத்தில் செய்த சின்னக் கப்பல். உள்ளே தெரிவதற்காக ஒரு பக்கத்தை அறுத்துவிட்டிருந்தார்கள். அதில் ஒரு சமையலறை. என் கட்டைவிரல் அளவு பானைகள். கப்பல் ஆடினாலும் பானை சரியாமலிருக்க அடுப்பைச் சுற்றி ஒரு கம்பி.

நீ லீவில் வந்து நம் வீட்டில் குழம்பு வைக்கும்போது, ஒரு கை கரண்டியில் இருக்கும், இன்னொரு கை துணியைச் சுற்றிக்கொண்டு பானையைப் பிடித்திருக்கும். "வூடு இன்னா ஆடுதா?" என்று கேலி செய்வேன். "கை கேக்க மாட்டேங்குதுமே" என்பாய்.

பைக்குள் போன் அடித்தது. ஓய்ந்து மறுபடி அடித்தது. நான் அந்தப் பானைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். கீழே காப்பிக் கடையில் உட்கார்ந்திருந்த மகள் மூச்சு வாங்க ஏறி வந்தாள்.

"இன்னாமா, போனை எட்க்க மாட்டியா? நான் பயந்தே பூட்டேன்!"

"பாத்துகினே இருந்தேன், நேரம் போனதே தெர்ல" என்றேன். சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது.

ஊர் மேல் இருந்த கோபம் அங்கேயே போய்விட்டது. பொறாமை மட்டும் போகவில்லை, அது இப்போது உன் மேல். நீ போகும்போதெல்லாம் ஆசை தீரப் பார்த்தாய். எனக்கு ஒரே ஒரு மத்தியானம். மகளிடம் அந்த அடுப்பைக் காட்டினேன். "நல்லா கீதுமா" என்று சொல்லிவிட்டு அடுத்த அறைக்குப் போய்விட்டாள். உன் தோளைத் தட்டி "பாருய்யா" என்று சொல்ல நீ பக்கத்தில் இல்லை. அந்த ஒரு வார்த்தையை வாயிலேயே வைத்துக்கொண்டு ஊர் திரும்பினேன். இன்னும் வாய்க்குள்ளேயேதான் இருக்கிறது.