உன் சேணத்தை விற்க விடவில்லை

என் செல்லக் கழுதை சாந்திக்கு,

நீ போய் இரண்டு வருஷம் ஆகப்போகிறது. உனக்குச் செய்து கொடுத்த சத்தியத்தைப் போன ஞாயிற்றுக்கிழமை மீறிவிட்டேன். நேரில் சொல்லியிருந்தால் என் பின்னலைப் பிடித்து இழுத்திருப்பாய். திட்டுவதாக இருந்தால் முழுசையும் படித்துவிட்டுத் திட்டு.

நிக்டியில் உன் வீடு அப்படியேதான் இருக்கிறது. ஹாலில் டிவிக்குப் பக்கத்தில் மர ஸ்டாண்டின் மேல் உன் சேணம். உன் வீட்டுக்காரர் தினம் அதைத் துடைக்கிறார். சுந்தரம் அண்ணா வாழ்க்கையில் ஒரு குதிரை மேல் ஏறியதில்லை. ஆனால் தோலுக்கு எந்த சோப்பு, எந்த எண்ணெய் என்று நம் இரண்டு பேரையும்விட இன்று அவருக்கு நன்றாகத் தெரியும். மருமகள் குதிரை ஓட்டுவதா என்று உன் மாமியார் தலையில் அடித்துக்கொண்டபோது, ராணுவக் கேம்ப் பகுதியில் பழைய சாமான் கடைகளில் தேடி அலைந்து இந்த இங்கிலீஷ் சேணத்தை உனக்காக வாங்கி வந்த மனிதர் ஆயிற்றே.

அவர்தான் நான் வேலை செய்கிற பள்ளிக்கூடத்துக்கு ஃபோன் செய்தார். "கல்யாணி, சும்மா கெடந்தா தோல் காஞ்சு போயிடும். யாராவது பொண்ணு ஓட்டட்டும்மா. சாங்வியிலேருந்து ஒருத்தர் மகளுக்காகப் பார்க்க வர்றார். நீ வந்து பார்த்து சரின்னு சொன்னாத்தான் குடுப்பேன்" என்றார்.

எனக்குப் போகவே மனசில்லை. ஏன் என்று உனக்குத் தெரியாதா?

நீ இருந்தபோது, தளேகாவ் குதிரை லாயத்தில் அந்த ஞாயிறு. ஆகுர்டியில் லோக்கல் ரயில் பிடித்துப் போனோம். ஓட்டி முடித்து, சேணத்தைக் கழற்றாமலே லாயத்துக் குதிரை ராணியைக் கம்பியில் கட்டிவிட்டு, "ரெண்டே நிமிஷம்டி, பசி உயிர் போகுது" என்று என்னையும் இழுத்துக்கொண்டு வடாபாவ் தின்னப் போனாய். திரும்பி வந்தால் ராணி கட்டை அவிழ்த்துக்கொண்டு, சேணத்தோடு மண்ணில் புரண்டுகொண்டிருக்கிறாள்! வேர்த்த குதிரை புரளத்தானே செய்யும்? அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. சேணத்திலும் மேலே ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் சோதித்துப் பார்க்க அதைக் கழற்றி, பின்மேட்டை உன் வயிற்றில் அண்டக் கொடுத்து, முன்மேட்டைப் பிடித்து இழுத்தாய் பார், நடுவில் மடங்கியது. கிறீச் என்று சத்தம் வேறு.

தோலுக்கும் கம்பளி மெத்தைக்கும் உள்ளே, சேணத்துக்கு எலும்பு மாதிரி ஒரு மரச்சட்டம் இருக்கிறது. நம் எடை குதிரையின் முதுகெலும்பில் விழாமல் இரண்டு பக்கமும் பிரித்துத் தாங்குவது அதுதான். அது போனால் சேணமே போனமாதிரி. காலேஜ் என்.சி.சி. குதிரைப் பிரிவில் நமக்கு முதல் நாளே சொல்லிக் கொடுத்தது இது.

"அவர் தேடித் தேடி வாங்கினதுடி. தெரிஞ்சா தாங்கமாட்டார். யார்கிட்டயும் சொல்லமாட்டேன்னு சத்தியம் பண்ணு" என்று கையை நீட்டினாய். நானும் மடச்சி மாதிரி அடித்துக் கொடுத்தேன்.

அதோடு விட்டாயா? கீழே ஒரு போர்வையை மடித்துப் போட்டு, அதே சேணத்தில் எட்டு மாதம் ஓட்டினாய். ராணிக்கு முதுகில் வீக்கம் வந்தது. சேணத்தைப் பார்த்தாலே காதை மடக்கினாள், அப்புறம் கடிக்க ஆரம்பித்தாள். லாயக்காரர் "பிகட் கயீ ஹை" என்றார், குணம் கெட்டுப்போன குதிரையாம். பிம்ப்ரியில் கல்யாண ஊர்வலத்துக்குக் குதிரை விடுகிறவர்களுக்கு அவளை விற்றுவிட்டார். நீ ரயிலில் அழுதுகொண்டே வந்தாய். அப்போதாவது வாயைத் திறந்தாயா? நான்தான் திறந்தேனா?

உன் மேல் எனக்கு இன்னும் கோபம்தான் சாந்தி. மஞ்சள் காமாலை என்று படுத்தவள் பத்தே நாளில் போய்விட்டாய். செத்துப்போனவளிடம் எப்படிச் சண்டை போடுவது?

சரி, ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். வந்தவர் பெயர் ராகவன். ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் இன்ஸ்பெக்‌ஷனில் இருக்கிறாராம். சட்டைப் பையிலிருந்து ஒரு குட்டி டார்ச்சை எடுத்தார் பார், கண்டுபிடித்துவிடுவார் என்றே நினைத்தேன். பக்க மடலைத் தூக்கி, வயிற்றுவார் மாட்டுகிற பட்டைகளில் ஓட்டைகள் இழுபட்டிருக்கிறதா என்று பார்த்தார். தையலை நகத்தால் கீறிப் பார்த்தார். கால் வைக்கிற அங்கவடி தொங்குகிற இரும்பை ஆட்டிப் பார்த்தார். மெத்தையில் கம்பளி கட்டி தட்டியிருக்கிறதா என்று உள்ளங்கையால் தடவினார். எல்லாவற்றுக்கும் "ஓகே, ஓகே." உள்ளே இருக்கிற மரத்துக்கு டார்ச் என்ன செய்யும்?

"மேடம், நீங்க என்ன சொல்றீங்க?" என்றார். சுந்தரம் அண்ணா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நல்லா இருக்கு" என்றேன்.

சொல்லிவிட்டேனடி. உனக்காக.

அவர் மகள் ப்ரியாவுக்குப் பதினாறு வயசு. சேணத்தைக் குழந்தையைத் தூக்குகிற மாதிரி தூக்கிக்கொண்டாள். வாசலில் நின்று, தமிழைத் தேடித் தேடிச் சொன்னாள்: "ஆண்ட்டி, நான் ஓட்டற குதிரை பேரு லைலா. ரொம்ப ஷாந்த், ரொம்ப சாது. யாரையும் கடிக்கவே கடிக்காது."

அவர்கள் படியிறங்கிப் போனார்கள். நான் உன் ஹாலில் நின்றேன். காலியான ஸ்டாண்டு. கீழே காரின் டிக்கி திறக்கிற சத்தம் கேட்டது. செருப்புக்கூடப் போடாமல் ஓடினேன். "வைக்காதீங்க! ஒரு நிமிஷம், வைக்காதீங்க!"

ப்ரியாவின் கையைப் பிடித்துச் செய்ய வைத்தேன். பின்மேடு வயிற்றில், முன்மேட்டை இரண்டு கையாலும் இழு. சேணம் மடங்கியது. கிறீச்.

பின்னாலேயே இறங்கி வந்த சுந்தரம் அண்ணா சிரித்தார். "அது எப்பவும் வர்ற சத்தம்தாம்மா. தொடச்சு முடிச்சதும் தினம் ஒரு தடவை அழுத்திப் பார்ப்பேன். தளேகாவ்ல அவ ஏறி உக்காரும்போது இந்தச் சத்தம்தான் கேக்கும்."

ஐயோ சாந்தி, என்னத்தைச் சொல்ல? இரண்டு வருஷமாக அந்த மனுஷன் அந்தச் சத்தத்தில்தான் உன்னைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

"நல்ல சேணத்துல இந்தச் சத்தம் வராது அண்ணா. உள்ள மரம் ஒடஞ்சிருக்கு. ராணி புரண்டப்ப ஒடஞ்சுது."

"சாந்திக்குத் தெரியுமா?"

தெரியாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். உன் மானம் பிழைத்திருக்கும். ராகவன் நிலைமை புரிந்து மகளைக் கூட்டிக்கொண்டு தள்ளிப் போனார்.

"தெரியும் அண்ணா. எனக்கும் தெரியும்."

அவர் கடைசிப் படியில் உட்கார்ந்துவிட்டார். என்கிட்ட ஏன் சொல்லலை என்று கேட்பார் என நினைத்தேன். பதில்கூடத் தயாராக வைத்திருந்தேன். அவர் அதைக் கேட்கவே இல்லை.

"அப்ப, அந்தக் குதிரைக்கு வலிச்சிருக்குமேம்மா" என்றார். "அதான் கடிச்சுதா?"

நடுத் தெருவில், எதிர் பிளாட்டுக்காரர்கள் பார்க்கப் பார்க்க, ஓவென்று அழுதேன். நாம் இரண்டு பேரும் எட்டு மாதம் கேட்காத கேள்வியடி அது. அவர் ஒரே நிமிஷத்தில் கேட்டுவிட்டார்.

சேணம் மறுபடி ஸ்டாண்டில்தான் இருக்கிறது. ப்ரியாவுக்கு வேறு சேணம் பார்க்கும்போது கூட வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். எதற்கும் முன்னால் மரத்தைத்தான் பார்ப்பேன். நேற்று அண்ணா மறுபடி ஃபோன் செய்தார். சேணத்தை இன்னும் துடைக்கிறீர்களா என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை. அவர்தான் கேட்டார்: "பிம்ப்ரில அந்த ஊர்வலக் குதிரைக்காரங்க எங்க இருப்பாங்க, தெரியுமாம்மா?"

வருகிற ஞாயிறு இரண்டு பேரும் போகிறோம். குதிரைக்கென்று வெல்லம் வாங்கி வைத்துவிட்டாராம். ராணி உயிரோடு இருக்கிறாளா, யாரிடம் இருக்கிறாள், எதுவும் தெரியாது. கண்டுபிடித்தால் அவள் முதுகில் கை வைத்து, உனக்கும் சேர்த்து மன்னிப்புக் கேட்கிறேன். இந்தச் சத்தியத்தை மீறமாட்டேன். அவள் கடித்தால் கையை இழுத்துக்கொள்ளவும் மாட்டேன்.

ஆறு மாதம் மூத்தவள் என்று நீ கடைசிவரை ஒப்புக்கொள்ளாத
உன் அக்கா,
கல்யாணி